இரண்டாவது ஆள் ஏன் காத்திருக்கிறார்?

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காக பைத்தானில் ஒரு சாட் சர்வர் எழுதினேன். ஒருவர் மட்டும் இருந்தால் நன்றாக ஓடுகிறது. இரண்டாவது ஆளுக்கும் கனெக்ட் ஆகிவிடுகிறது, ஆனால் அவர் அனுப்புவது சர்வரில் தெரிவதில்லை. முதல் ஆள் வெளியேறியதும் மொத்தமாக வந்து விழுகிறது. த்ரெட் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் தனி வேலை) போடு என்கிறாள் தோழி. செலக்ட் (எந்த இணைப்பில் டேட்டா வந்திருக்கிறது என்று சொல்லும் வசதி) போதும் என்கிறார் ஆசிரியர். எதைச் செய்வது?
– கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: ‘மொத்தமாக வந்து விழுகிறது’ என்று கவனித்திருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. இணைப்பை முடித்துக் கொடுப்பது உங்கள் புரோகிராம் அல்ல, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல். ‘இணைப்புக்குத் தயார்’ என்று லிசன் கூப்பிட்டுவிட்டால், நீங்கள் அக்செப்ட் செய்து ஆளை உள்ளே எடுப்பதற்கு முன்பே அது ஹேண்ட்ஷேக்கை (இணைப்பு தொடங்கும் அறிமுகப் பரிமாற்றம்) முடித்து ஆளை வரிசையில் வைக்கும். அவர் அனுப்புவதையும் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் வாங்கி வைக்கும். உங்கள் புரோகிராமோ முதல் ஆள் அனுப்புவதை வாங்கும் ரிசீவ் வரியிலேயே நிற்கிறது; அவர் போன பிறகுதான் அடுத்தவரை எடுக்கிறது.

தோழி சொல்வதும் வேலை செய்யும். அக்செப்ட் ஆன ஒவ்வொரு சாக்கெட்டையும் (அதாவது இணைப்பையும்) ஒரு த்ரெட்டிடம் கொடுத்தால், முப்பது பேர் உள்ள வகுப்புக்குத் தாராளம். ஆனால் உங்களுடையது சாட். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் போக வேண்டும். கிளையன்ட் பட்டியலைப் பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் தொடும். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் தொடும்படி லாக் போட வேண்டிவரும். அதனால் நான் ஆசிரியர் பக்கம். ஒரே லூப், யாரிடம் டேட்டா வந்திருக்கிறதோ அவரிடம் மட்டும் ரிசீவ். பழைய செலக்டுக்கு லினக்ஸில் சுமார் 1024 இணைப்புகள் என்ற வரம்பு உண்டு. பைத்தானின் செலக்டர்ஸ் மாட்யூலை எடுத்துக்கொண்டால் அது லினக்ஸில் தானாகவே, அந்த வரம்பில்லாத இபோல் என்ற வசதியைப் பயன்படுத்திக்கொள்ளும்.

ரிசீவ் காலியாகத் திரும்பினால் அந்த ஆள் போய்விட்டார் என்று பொருள். உடனே சாக்கெட்டை மூடிப் பட்டியலிலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் லூப் நிற்காமல் சுற்றி சிபியூவைத் தின்னும். அப்புறம், டேட்டாவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபிக்கு ‘ஒரு செய்தி’ என்பதே தெரியாது, அது வெறும் பைட் ஓட்டம். பாதிச் செய்தியும் வரும், இரண்டு ஒட்டிக்கொண்டும் வரும். ஒவ்வொருவருக்கும் தனி பஃபர் வைத்து, புதுவரிக் குறி வரும்வரை சேருங்கள்.

போகாமலே காணாமல் போகிறவர்கள்தான் பெரிய தொல்லை. பால் கொள்முதல் நிலையங்களிலிருந்து எடை விவரம் வாங்கும் சர்வர் ஒன்றை, ஆளுக்கொரு த்ரெட் என்று நான் எழுதியிருந்தேன். கிராமத்தில் கரண்ட் போனால் அங்கிருந்து ‘மூடுகிறேன்’ என்ற பாக்கெட் வராது. கரண்ட் வந்ததும் நிலையம் புது இணைப்பு போடும்; பழைய த்ரெட் ரிசீவிலேயே கிடக்கும். மூன்றாவது வாரம் ஒரு விடிகாலையில் திறந்த ஃபைல்கள் (லினக்ஸில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு ஃபைல் கணக்கு) 1024 என்ற வரம்பைத் தொட்டு அக்செப்ட் தோற்றது. கேன்களோடு வரிசையில் நின்றவர்களை நினைத்தால் இன்றும் மனம் கஷ்டப்படுகிறது. மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவை மட்டும் ஆன் செய்திருந்தாலும் போதியிருக்காது. லினக்ஸில் அது முதல் சோதனைக்கே 2 மணி நேரம் காத்திருக்கும். ஒவ்வொரு கிளையன்டும் நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று ஒரு வரி அனுப்பட்டும். கடைசியாகக் கேட்ட நேரத்தைக் குறித்துவைத்து, 3 நிமிடம் சத்தமில்லை என்றால் சர்வரே மூடட்டும்.

ஆசிரியரிடம் காட்டும் முன் இன்னொரு லேப்டாப்பில் கிளையன்டை ஓடவிட்டு அதன் வைஃபையை அணைத்துப் பாருங்கள். புரோகிராமை மூடிச் சோதிக்காதீர்கள். மூடினால் கெர்னல் முறையாகச் சொல்லிவிட்டுத்தான் போகும்.