பழைய ரேடியோ, தையல் மிஷின்: அழிந்த எழுத்தை மீட்பது எப்படி?

சேலம் அஸ்தம்பட்டி வாசகர்: ஐயா, தாத்தா காலத்து வால்வு ரேடியோ. டயல் கண்ணாடியில் ஸ்டேஷன் பெயர்கள் பாதி உதிர்ந்துவிட்டன. என்ன செய்யலாம்?

முதலில் துடைப்பதை நிறுத்துங்கள். அந்த எழுத்து கண்ணாடியின் பின்பக்கம் ஸ்கிரீன் பிரின்டிங்கில் போட்டது. பிடிப்பு விட்டுப்போயிருந்தால் ஈரத்துணி பட்டாலே மிச்சமும் வந்துவிடும். முன்பக்கம் மட்டும் துடைக்கலாம். அதற்கும் முன்னால் போட்டோ எடுத்துவிடுங்கள்.

அப்புறம் கண்ணாடியை, உதிரும் பக்கம் மேலே இருக்கும்படி, பக்கத்தில் ஒரு ஸ்கேலோடு 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். அந்த ஸ்கேனின் மேலேயே கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தை வரைந்து, காகிதத்தில் அச்செடுத்து, அச்சில் விழுந்த ஸ்கேலோடு நிஜ ஸ்கேலை ஒட்டிவைத்துப் பாருங்கள். கோடு கோட்டோடு பொருந்த வேண்டும். 2 மி.மீ. நகர்ந்தாலும் முள் வேறு ஸ்டேஷனில் நிற்கும். வீட்டு பிரின்டரில் வெள்ளை மையும் பொன் மையும் கிடையாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரின்டிங் கடைக்குப் போய், புதுக் கண்ணாடியின் பின்பக்கம், கண்ணாடிக்கான மையில், இடவலம் மாற்றி அடிக்கச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: தையல் மிஷினின் பொன் பூவேலையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

கூடவே கூடாது. பல பழைய மிஷின்களில் மேல்பூச்சு ஷெல்லாக், அதாவது அரக்கு வார்னிஷ். ஸ்பிரிட் அதைக் கரைக்கும், பொன்னும் கூடவே போகும். மிஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். முதலில் போட்டோ.

சூரமங்கலம்: வாட்டர் டீக்காலை (நனைத்து வழுக்கி ஒட்டும் படத்தாள்) தண்ணீரில் போட்டதும் மை கரைகிறது.

இங்க்ஜெட் அச்சு. நன்றாகக் காயவிட்டு, கிளியர் அக்ரிலிக் ஸ்பிரேயை லேசாக இரண்டு மூன்று முறை அடித்த பிறகு நனையுங்கள். லேசர் அச்சு கரையாது.

ஏற்காடு: எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பழைய பல்பர் மிஷின். கம்பெனி பெயர் வார்ப்பிரும்பிலேயே புடைத்திருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டவா?

புடைத்த எழுத்துக்கு ஸ்டிக்கரா? வேண்டாம். துருவை எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர், அதன்மேல் எனாமல். அது காய்ந்ததும் சின்ன ரப்பர் ரோலரில் பெயின்டை மெல்லியதாகத் தடவி எழுத்தின் முகத்தில் மட்டும் உருட்டுங்கள், பள்ளத்தில் இறங்காது. அங்கே மூடுபனி நாளில் லாக்கர் (சீக்கிரம் காயும் வார்னிஷ்) மட்டும் அடிக்காதீர்கள், வெள்ளை பூத்துவிடும்.

குகை: தையல் மிஷினின் பூவேலைக்கு ஸ்பிரிட்டுக்குப் பதில் தின்னர் போட்டால்?

ஸ்பிரிட்டுக்குச் சொன்னதேதான். கூடாது.

அம்மாபேட்டை: தேய்மானம்தானே பழசின் அழகு? எல்லாவற்றையும் புதுசாக்கச் சொல்கிறீர்களே!

எல்லாவற்றையும் சொல்லவில்லை. குமிழைத் திருகித் திருகி விரல் பட்டுத் தேய்ந்த எழுத்தை நான் தொடமாட்டேன், அது அந்த வீட்டின் கைத்தடம். டயல் அப்படியில்லை. படிக்க முடியாத டயலில் ஸ்டேஷன் தேட முடியாது.

சூரமங்கலம்: புது டயலைப் போட்டு ஒரிஜினல் என்று விற்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அது மோசடி. புதிதாக அடிக்கும் ஒவ்வொன்றிலும் மூலையில் பொடி எழுத்தில் அடித்த வருடத்தைப் போடுங்கள். பழைய கண்ணாடியைத் தூக்கி எறியாமல், காகிதத்தில் சுற்றி ரேடியோவோடு சேர்த்தே கொடுங்கள்.

அம்மாபேட்டை: வருடம் போட்டால் விலை குறையுமே?

குறையட்டும். வாங்குகிறவருக்கு எது பழசு, எது புதுசு என்று தெரிய வேண்டும்.