அந்தூரியமா, ஓர்க்கிட்டா? முதலில் கிணற்றைப் பாருங்கள்

கேள்வி: கோப்பாயில் இருக்கிறேன். வளவில் மாமரத்தின் கீழே இருபது பூச்சாடி வைக்க இடம் உண்டு. காலையில் வேலைக்குப் போனால் பின்னேரம்தான் திரும்புவேன். அந்தூரியம் வைப்பதா, டென்ரோபியம் ஓர்க்கிட் வைப்பதா? எது பராமரிக்க இலகு?

பதில்: உங்களுக்கு டென்ரோபியம்தான் சரி, சகோதரி.

பூச்செடி என்றதும் எல்லோரும் நிழலைத்தான் யோசிக்கிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதலில் யோசிக்கவேண்டியது தண்ணீரை. எங்கள் நிலத்துக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். அதற்குள் ஊறும் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம். உங்கள் வீட்டுக் கேத்தலின் உள்ளே பாருங்கள். வெள்ளைப் படை தடிப்பாக இருந்தால் அதே படை சாடிக்குள்ளும் சேரும்.

அந்தூரியம் தென்னமெரிக்க மழைக்காட்டுச் செடி. அதன் வேர் எப்போதும் ஈரலிப்பாக இருக்கவேண்டும். ஆனால் அந்த ஈரத்தில் இந்தக் கல்சிய உப்பு சேரக்கூடாது. சேர்ந்தால் இலை ஓரம் கருகும், பூ சிறுக்கும். அதோடு 70 முதல் 80 வீதம் நிழலும் ஈரக்காற்றும் கேட்கும். வைகாசி தொடங்கி தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் பகல் முழுதும் ஆளில்லாத வீட்டில் அது படும் பாட்டை நினைத்தால் எனக்கு மனம் வராது.

டென்ரோபியத்தின் தடித்த தண்டு தண்ணீரைச் சேமித்து வைக்கும். ஒருநாள் தவறினாலும் தாங்கும். 50 வீத நிழல் போதும். மாமரம் அடர்த்தியாக இருந்தால் கிளை கழியுங்கள், வெளிச்சம் குறைந்தால் பூக்காது. சிரட்டைக்கரியும் பொச்சுத்துண்டும் (தேங்காய் மட்டைத் துண்டு) போட்டு நடுங்கள், மண் வேண்டாம். பொச்சை இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துக் கழுவிய பிறகே போடவேண்டும். காலையில் வேலைக்குப் போகுமுன் கரிக்குள்ளால் வழிந்தோடும்படி ஊற்றினால் உப்பு தங்காது. ஒரு பூங்கொத்து ஒரு மாதத்துக்கு மேலும் நிற்கும். அதற்கு ஆபத்து ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான்: வேர் காயாமல் அழுகிவிடும். அந்த நாட்களில் தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள்.

அந்தூரியத்தில் ஆசை விடவில்லை என்றால் மழைநீரைச் சேமியுங்கள். 10 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 1000 லீற்றர் வரும். இருபது சாடிக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் என்று வைத்தால், நிறைந்த 1000 லீற்றர் தாங்கி ஆறு மாதத்துக்கு மேல் போதும். தாங்கி வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் அந்தூரியத்தைத் தொடவேண்டாம்.

செடியைத் தை மாதத்தில் வாங்குங்கள், மழை ஓய்ந்திருக்கும். மலைநாட்டிலிருந்து வந்த செடியென்றால் இரண்டு கிழமை விறாந்தையில் வைத்துப் பழக்கிவிட்டு மரத்தடிக்குக் கொண்டுபோங்கள்.