வயசான அப்பா அம்மாவை முக்திநாத் கூட்டிட்டுப் போறேன், உடம்புக்கு என்னென்ன ஏற்பாடு பண்ணிக்கணும்?

அப்பாவுக்கு 68, சுகர் இருக்கு, அம்மாவுக்கு 63, பிபி மாத்திரை போடறாங்க, ஏப்ரல்ல டூர்ல நேபாளத்துல இருக்கற முக்திநாத் போறோம்னு கேட்டிருக்கீங்க. நான் எங்க அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிட்டுப் போய்ட்டு வந்தவன். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல டூர்க்காரங்க குடுத்த புரோகிராம் பேப்பரை எடுத்து ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஊர்ல தங்க வைக்கறாங்கன்னு மட்டும் பாருங்க. உடம்புக்கு வர்ற சிக்கல் பெரும்பாலும் அந்த ஒரு விஷயத்துலதான் இருக்கு.

ஏன்னா உயரக் கணக்கு இப்படி. நேபாளத்துல நீங்க விமானம் ஏறற ஊரான போக்ரா 800 மீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட நம்ம திருமலை உயரம். ஜோம்சோம் 2,700 மீட்டர், அதுவே ஊட்டி தொட்டபெட்டா உச்சியை விட (2,637) ஒரு படி மேல. முக்திநாத் கோயில் 3,700 மீட்டருக்கும் மேல. போக்ராவுல காலைல குட்டி விமானம் ஏறினா 20 நிமிஷத்துல ஜோம்சோம், அங்கேர்ந்து ஜீப்ல ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துல கோயில் அடிவாரமான ராணிபௌவா, ஆக காலைல திருமலை உயரத்துல எழுந்தவங்க மத்தியானத்துக்குள்ள 3,700ல நிக்கறாங்க, உடம்புக்கு இது தெரியவே அவகாசம் இல்ல. காத்துல ஆக்சிஜன் அங்கயும் 21 சதவீதம்தான், ஆனா காத்தோட அழுத்தம் குறைஞ்சு போறதால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போறது சென்னையில கிடைக்கறதுல மூணுல ரெண்டு பங்குக்கும் கம்மி. உடம்பு இதுக்குப் பழகிக்கும், ஆனா அதுக்கு நாள் வேணும். தினம் வாக்கிங் போறேன், யோகா பண்றேன், எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கறது தப்பு, உயரத்தால வர்ற கோளாறு ஜிம் போற 25 வயசு பையனுக்கும் வரும்.

மலை ஏறறவங்க வச்சிருக்கற விதி என்னன்னா 3,000 மீட்டரைத் தாண்டினப்புறம் தூங்கற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாது. ஜோம்சோம்லேர்ந்து ராணிபௌவா ஒரே தாவுல 1,000 மீட்டர். அதனால ராணிபௌவாவுல ராத்திரி தங்கற பிளான் இருந்தா மாத்தச் சொல்லுங்க. ஜோம்சோம், மர்பா, காக்பேனி இந்த மூணுல ஏதாவது ஒரு ஊர்ல தங்கணும், முடிஞ்சா ரெண்டு ராத்திரி, அப்புறம் விடியக்காலைல கிளம்பி தரிசனம் முடிச்சு மத்தியானத்துக்குள்ள கீழ வந்துடணும். தலைவலி, குமட்டல் எல்லாம் பொதுவா உயரத்துக்குப் போய் ஆறு மணி நேரத்துலேர்ந்து பன்னெண்டு மணி நேரம் கழிச்சுதான் ஆரம்பிக்கும், அதுக்குள்ள நீங்க கீழ இருப்பீங்க. ஒரு நாள் கூடினா ஆளுக்கு கொஞ்சம் ரூபா கூடும்தான், மத்த எந்த செலவை வேணா குறைங்க, இதைக் குறைக்காதீங்க.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம அப்பா அம்மா மறைப்பாங்க. திருமங்கையாழ்வார் பாடின சாளக்கிராமம் இந்த முக்திநாத்தான், 108 திவ்யதேசத்துல ஒண்ணு, வாழ்நாள்ல ஒரு தடவையாவது பாக்கணும்னு எத்தனையோ வருஷமா நினைச்சுட்டு இருந்திருப்பாங்க, தலை வலிக்குதுன்னு சொன்னா ரூம்லயே விட்டுட்டுப் போய்டுவாங்களோன்னு பயம். ஜோம்சோம்ல முதல் நாள் ராத்திரி பெரியம்மா தட்டை தள்ளி வச்சுட்டு "பசிக்கலடா, நீங்க சாப்பிடுங்க"ன்னாங்க. பருப்பு சாதம்னா விட மாட்டாங்க அவங்க. பக்கத்துல உக்காந்து திரும்பத் திரும்பக் கேட்டப்புறம்தான் "லேசா பின்மண்டை வலிக்குது, ஜீப்ல குலுக்கினதா இருக்கும், காலைல சரியாயிடும்"னு வந்துது. டிரைவர் கிட்ட பேசி மறுநாள் மேல போறதை நிறுத்தி அங்கேயே இருந்தோம், வெந்நீர் குடிக்க வச்சோம், பாராசிட்டமால் குடுத்தோம், மெதுவா கடைத்தெரு வரைக்கும் நடந்தோம், அவ்வளவுதான். அதுக்கடுத்த நாள் தலைவலி போய் அவங்களே ரெண்டாவது தடவை சாதம் கேட்டு வாங்கினப்புறம்தான் மேல போனோம், நல்லபடியா தரிசனம் ஆச்சு. அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே வீட்ல உக்கார வச்சு தெளிவா சொல்லிடுங்க, "வலிக்குதுன்னா சொல்லுங்க, ஒரு நாள் தள்ளிப்போகும், தரிசனம் நின்னு போகாது"ன்னு. உயரத்துக்கு வந்தப்புறம் வர்ற தலைவலியை, வேற காரணம்னு நிச்சயமா தெரியாத வரைக்கும், உயரத்தால வந்ததாவே வச்சுக்கணும். அது இருக்கறப்போ இன்னும் மேல ஏறக் கூடாது.

அபாயமான அறிகுறி ரெண்டு இருக்கு. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கறது, கூட இருமல் (நுரையீரல்ல நீர் கோத்துக்கறது), இன்னொண்ணு நடை தள்ளாடறது, பேச்சு குழம்பறது (மூளை வீக்கம்). சந்தேகமா இருந்தா தரையில ஒரு நேர்க்கோடு போட்டு அடி மேல அடி வச்சு நடக்கச் சொல்லுங்க, தடுமாறினா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் வண்டியைப் பிடிச்சு கீழ இறக்கிடணும், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. இறங்கறதுதான் மருந்து, ஆக்சிஜன் கிடைச்சாலும் அதைப் போட்டுக்கிட்டே இறங்கணும். ஜோம்சோம்ல ஜில்லா ஆஸ்பத்திரி இருக்கு, பெரிய வசதின்னா போக்ராதான்.

உயரத்தால வர்ற கோளாறைத் தடுக்க மாத்திரைன்னா அசிட்டசோலமைட், டயமாக்ஸ்னு கிடைக்கும். ஏறறதுக்கு முதல் நாளே ஆரம்பிச்சு காலைல 125 மில்லிகிராம், சாயங்காலம் 125ங்கறதுதான் வழக்கமான அளவு, விரல் நுனி மதமதன்னு இருக்கும், யூரின் அடிக்கடி வரும், அது அந்த மாத்திரையோட குணம், பயப்பட வேண்டாம். ஆனா டாக்டரைக் கேக்காம கடையில வாங்கிப் போட்டுடாதீங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா, கிட்னி கோளாறு இருந்தா அவர்தான் முடிவு பண்ணணும், அம்மாவோட பிபி மாத்திரை நீர் பிரிய வைக்கற வகையான்னும் அவர் பாக்கணும். ஒரு மாசம் முன்னாடியே ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் ஈசிஜி, எக்கோ, ஹீமோகுளோபின், கிரியாட்டினின் பாத்துடுங்க, டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசி பத்தியும் அப்பவே கேட்டுக்கோங்க. தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம், மேல மூச்சை இன்னும் மந்தமாக்கும். கற்பூரத்தைத் துணியில கட்டி மோந்துட்டே இருந்தா மூச்சு வாங்காதுன்னு நிறைய பேர் சொல்வாங்க, மூக்கு திறந்த மாதிரி இருக்குமே தவிர ரத்தத்துல ஆக்சிஜன் ஒரு துளி ஏறாது, அதை நம்பி மேல போய்டாதீங்க. ஸ்ப்ரே டப்பா மாதிரி விக்கற ஆக்சிஜன் கேனும் சில நிமிஷத்துல காலி.

அப்பாவுக்கு சுகர் இருக்கறதால ஒண்ணு முக்கியம். உயரத்துல பசி குறையும், அரை வயிறு சாப்பிட்டுட்டு மாத்திரையை மட்டும் வழக்கம் போல போட்டா சுகர் கீழ இறங்கிடும், நம்மாளுங்களுக்கு தரிசனம் முடியற வரைக்கும் பல்லுல தண்ணி படாம இருக்கற பழக்கம் வேற. இங்க அந்த விரதம் வேண்டாம்னு சொல்லிடுங்க. பாக்கெட்ல பேரீச்சம்பழம், குளுக்கோஸ் இருக்கணும். இன்சுலின் போடறவரா இருந்தா அது உறைஞ்சு போகக் கூடாது, உள்சட்டை பாக்கெட்லயே வைக்கணும், சுகர் பாக்கற மெஷினும் குளிர்ல தப்பு காட்டும், அதையும் கதகதப்பா வச்சுக்கோங்க. மாத்திரை எல்லாத்தையும் ரெண்டு செட்டா பிரிச்சு ஒண்ணை கைப்பையில வையுங்க, லக்கேஜ் ஒரு நாள் தாமதமா வர்றது சகஜம்.

ராணிபௌவாவுலேர்ந்து கோயில் வரைக்கும் ஏத்தம், அரை மணி நேர நடைன்னு சொல்வாங்க, பெரியவங்களுக்கு முக்கால் மணிக்கு மேலயே ஆகும், பேசாம பத்து அடிக்கு ஒரு தடவை நின்னு நின்னு போங்க, குதிரையும் கிடைக்கும். கோயிலுக்குப் பின்னாடி அரைவட்டமா 108 மாட்டுமுக தாரை, தலைக்கு மேல கொட்டும், மலை உருகி வர்ற தண்ணி, முன்னாடி ரெண்டு குளம். எல்லாத்துலயும் ஓடி ஓடி நனையறவங்களைப் பாத்தா நமக்கும் ஆசை வரும், ஆனா அந்தக் குளிர் தண்ணி மேல பட்ட உடனே பிபி எகிறும், மூச்சு அடைக்கும். உங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் புரோக்ஷணம் போதும், கையில பிடிச்சு தலையில தெளிச்சுக்கட்டும். அதையும் மீறி நனைஞ்சா துண்டும் மாத்துத் துணியும் தாரை பக்கத்துலயே ஒரு ஆள் கையில தயாரா இருக்கணும், ஈரத்தோட அந்தக் காத்துல நிக்கக் கூடாது.

டாக்குமெண்ட் பத்தியும் சொல்லிடறேன், ஏர்போர்ட்ல நிறைய பேர் மாட்டறது இங்கதான். விமானத்துல நேபாளம் போக பாஸ்போர்ட் அல்லது ஓட்டர் ஐடி வேணும், ஆதார் போதும்னு நினைக்காதீங்க, அந்தச் சலுகை 65க்கு மேலயும் 15க்கு கீழயும் உள்ளவங்களுக்குத்தான், ஆக அப்பா தப்பிச்சுடுவார், அம்மாவை நிறுத்திடுவாங்க. பணம் 100 ரூபா நோட்டா எடுத்துட்டுப் போங்க, பெரிய நோட்டுக்கு 2018 கடைசியில அங்க தடை போட்டாங்க, அதுக்கப்புறம் விதி மாறியிருக்கலாம், கிளம்பறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. நம்ம ஒரு ரூபா அவங்களுக்கு 1.60. இன்சூரன்ஸ் எடுக்கறப்போ 4,000 மீட்டர் வரைக்கும் உண்டா, ஹெலிகாப்டர்ல இறக்கற செலவு உண்டா, இருக்கற சுகர் பிபியை எழுதிக் குடுத்தாச்சா, மூணையும் படிச்சுப் பாத்துட்டு பணம் கட்டுங்க.

கடைசியா, ஜோம்சோம் விமானம் காலைல மட்டும்தான், பதினோரு மணிக்கு மேல ஜோம்சோம் இருக்கற காளி கண்டகி பள்ளத்தாக்குல காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், மேகம் வந்தா அன்னிக்கு கேன்சல்தான், ரோட்டு வழின்னா பேனிங்கற ஊரைத் தாண்டி நாள் முழுக்க குலுக்கல். அதனால திரும்பி வர்றப்போ போக்ராவுல ஒரு நாள் கையில வச்சுக்கிட்டு அப்புறம் சென்னை டிக்கெட் போடுங்க, விமானத்தைப் பிடிக்கணும்ங்கற அவசரத்துல உடம்பு முடியாதவங்களை இழுத்துட்டு ஓடற நிலைமை வராது.