பாய்மரப் படகில் கேஸ் அடுப்பு வைக்கலாமா?

மும்பையிலிருந்து கோவா வரை பாய்மரப் படகில் போகிறோம், கரண்ட் கிடையாது, சமையலுக்கு கேஸ் சரிப்படுமா, ஹீட்டர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹீட்டரை விடுங்கள், இந்தக் கடலில் ஃபேன்தான் வேண்டும்.

கேஸ் சரிப்படும். ஆனால் சிலிண்டர் உள்ளே கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனம். மும்பை மாட்டுங்கா பகுதியில் ஒரு வீட்டில் கசிந்தால் கதவு, ஜன்னலைத் திறந்து வெளியேற்றலாம். படகிலோ அடிப்பள்ளத்தில் இறங்கித் தேங்கிவிடும், ஒரு பொறி போதும். அதனால் சிலிண்டருக்கு மேல்தளத்தில் தனிப் பெட்டி, கசிவது கடல் பக்கம் வடிய அதன் அடியில் ஒரு துளை. சமைத்ததும் சிலிண்டர் வால்வையே மூடுங்கள்.

அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்க வேண்டும். படகு சாய்ந்தாலும் சாம்பார் சாயாது. அப்புறம், பிரஷர் குக்கர். மூடி பூட்டிக்கொள்ளும். கொதி வந்ததும் இறக்கிப் போர்வையில் சுற்றிவைத்தால் சோறு தானாக வெந்துவிடும்.