கேள்வி – பதில்: பழைய கமாரோவுக்குப் புது இதயம்

கேள்வி: 1969 ஷெவர்லே கமாரோ கார் வைத்திருக்கிறேன். அதிலுள்ள பழைய 350 (கன அங்குலம்) வி8-ஐ இறக்கிவிட்டு, ஜி.எம். நிறுவனத்தின் பிந்தைய வி8 வரிசையான எல்.எஸ். இன்ஜின் ஏற்ற ஆசை. அலுமினிய பிளாக் எல்.எஸ்.1 வாங்குவதா, ட்ரக்கிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் போதுமா?

பதில்: சாலையில் ஓட்டுவதற்கு 5.3 தாராளம். 1997-இல் கார்வெட்டில் வந்த 5.7 லிட்டர் எல்.எஸ்.1-க்கு அலுமினிய பிளாக். ட்ரக் 5.3-களில் பெரும்பாலானவை இரும்பு, ஏறத்தாழ 35 கிலோ கூடுதல். உங்கள் பழைய 350-ம் இரும்புதானே. முன் ஸ்பிரிங்குகளுக்கு அந்த எடை புதிதல்ல.

வாங்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். 2007-ஐ ஒட்டி வந்த பல 5.3-களில், லேசான ஓட்டத்தின்போது நான்கு சிலிண்டர்களைத் தூங்கவைக்கும் ஏற்பாடு உண்டு. அந்தச் சிலிண்டர்களின் லிஃப்டர் (வால்வைத் தூக்கும் உருளை) சிக்கிக்கொண்டால், அதைத் தள்ளும் கேம் ஷாஃப்டையும் தின்றுவிடும். இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரில் அந்த வசதியை அணைத்தாலும் பலவீனமான லிஃப்டர் உள்ளேயேதான் இருக்கும். முடிந்தவரை இது இல்லாத இன்ஜினாக எடுங்கள். இல்லையேல் லிஃப்டர், கேம், இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே மேலே உள்ள மூடி (வேலி கவர்) மூன்றையும் மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

இரண்டாவது, கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் நிறம். கருப்பு என்றால் கிராங்கில் 24 பல் சக்கரம், சாம்பல் என்றால் 58. கம்ப்யூட்டரும் அதே வகையாக இருக்க வேண்டும். மாறிப்போனால் ஸ்டார்ட்டர் சுற்றும், ஸ்பார்க் வராது. ட்ரக்கின் உயரமான இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று செல்லும் பகுதி) தட்டையான பானட்டில் இடிக்கும், அதையும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ட்ரக் இன்ஜினின் ஆயில் சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆழமாகத் தொங்கியதால் ஆழம் குறைந்த சம்ப் மாற்றினேன். இன்ஜினை ஓடவிட்டதும் ஆயில் பிரஷர் ஏறவே இல்லை. பம்ப் போய்விட்டதா?

பதில்: பம்ப்பைக் குறை சொல்லுமுன், சம்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் ஓ-ரிங்கைப் பாருங்கள். சம்ப் மாற்றும்போது பிக்கப் குழாயும் மாறும். அதன் வாய் பம்ப்பில் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம், பிடித்து நிறுத்த ஒரே ஒரு போல்ட், அதுவும் ஒரு பக்கத்தில். குழாயைப் பாதி நுழைத்துவிட்டு மிச்சத்தை போல்ட் முடுக்கி இழுத்தால் குழாய் சாய்ந்து நுழையும், வளையம் ஒரு ஓரத்தில் நசுங்கி வெட்டுப்படும். அந்த வெட்டு வழியே பம்ப் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். வளையத்தின் தடிமனும் குழாய்க்குக் குழாய் வேறு, பழையதை எடுத்து மாட்டியிருந்தாலும் இதே கதிதான்.

இனி ஒரு நொடிகூட ஓடவிடாதீர்கள், பேரிங் போய்விடும். சம்பை இறக்கி, குழாய்க்கு உரிய புது வளையத்தில் ஆயில் தடவி, கையாலேயே நேராக, முட்டும்வரை தள்ளுங்கள். போல்ட் கடைசியில். சம்பைத் திரும்ப ஏற்றும்போது அதன் பின்முகமும் பிளாக்கின் பின்முகமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று நேர்க்கோல் வைத்துப் பாருங்கள். கியர்பாக்ஸ் சம்பிலும் சேர்த்தே போல்ட் ஆகிறது, மேடுபள்ளம் இருந்தால் அலுமினியம் விரிசல் விடும். பிறகு இன்ஜெக்டர், காயில் இணைப்புகளைக் கழற்றி, பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள்.

கேள்வி: என்னிடமுள்ள பழைய டி.எச்.350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இதற்குப் பொருந்துமா?

பதில்: போல்ட் துளைகள் ஒன்றைத் தவிரப் பொருந்தும். ஆனால் எல்.எஸ். கிராங்கின் பின்முனை பழைய வி8-ஐவிட 0.4 அங்குலம் உள்ளே தள்ளி நிற்கிறது. இடைவெளியை நிரப்ப ஸ்பேசரும், கிராங்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தட்டையான ஃப்ளெக்ஸ் பிளேட்டும் வேண்டும். ஸ்பேசர் இல்லாவிட்டால் டார்க் கன்வெர்ட்டரின் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உறுப்பு) மூக்கு கிராங்கில் தாங்கல் இல்லாமல் ஆடி, கியர்பாக்ஸ் முன் பம்ப்பின் புஷ்ஷையும் சீலையும் அரித்துவிடும். மாட்டியபின் கன்வெர்ட்டரை முழுக்கப் பின்னே தள்ளிப் பாருங்கள்: ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும்.

கேள்வி: பெட்ரோல் டேங்க், லைன் எல்லாம் பழையதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. பெட்ரோல் அழுத்தம் போதும், எல்.எஸ். கேட்பது 58. பழைய ரப்பர் ஹோஸ் இதைத் தாங்காது, சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் பீய்ச்சும். ஆகவே இன்ஜெக்ஷன் தரத்து ஹோஸ் மட்டும். பம்ப்பை டேங்குக்குள்ளேயே, பெட்ரோல் அலைபாயாதபடி தடுப்பு வைத்துப் பொருத்துங்கள். சாசியில் மாட்டும் வெளிப் பம்ப் சத்தம் போடும், வெயிலில் சூடேறித் திணறும். எனக்கு அதில் விருப்பமில்லை. அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்கு 1999–2003 கார்வெட்டின் ஃபில்டர் கைகொடுக்கும். 58 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. அதை டேங்க் அருகில் வைத்தால், மிச்சப் பெட்ரோலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைன் அங்கேயே முடிந்துவிடும், இன்ஜினுக்கு ஒரே லைன் போதும்.

கேள்வி: சிலிண்டர் ஹெட் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய குழாயை அடைத்துவிட்டேன். அதன்பின் டெம்பரேச்சர் ஏறி இறங்குகிறது.

பதில்: அது நீராவி வெளியேறும் வழி. அடைத்தால் ஹெட்டின் உச்சியில் ஆவி தேங்கி, அந்த இடம் மட்டும் வெந்துபோகும். அடைப்பை எடுத்து, ரேடியேட்டரின் மேல் டேங்குக்கோ வாட்டர் பம்ப்பின் மேலே உள்ள துளைக்கோ ஒரு சிறு ஹோஸ் போட்டு, காற்று முழுக்கப் போகும்வரை கூலண்ட் ஊற்றி நிரப்புங்கள்.

கேள்வி: ஆர்.பி.எம். மீட்டர் பாதிதான் காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. எல்.எஸ். கம்ப்யூட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கான சிக்னலைத்தான் அனுப்புகிறது. மீட்டரின் சுவிட்சை 4-இல் வையுங்கள். சுவிட்ச் இல்லாத பழைய மீட்டருக்கு இடையில் ஒரு அடாப்டர் வேண்டும்.