“யாரு வந்து பார்க்கப் போறாங்க?”

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன ஆடித் தள்ளுபடியில் பாண்டிச்சேரியில் ஒரு கடையில் 38,500 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். விண்டோஸ், போட்டோஷாப் எல்லாம் “ஒரிஜினல், லைஃப்டைம்” என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாதம் போனதும் திரையின் வலது மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி எழுத்து வந்து நிற்கிறது. கடைக்காரரோ, “எல்லாரும் இதைத்தான் ஓட்டுறாங்க, யாரு வந்து பார்க்கப் போறாங்க?” என்கிறார். என் மேல் கேஸ் வருமா? கடையிடம் ஏதாவது கேட்க முடியுமா?

பதில்: அம்மா, முதலில் ஒன்று பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை’ என்பது போல ஆங்கிலத்தில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். உங்கள் நிறுவனம் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் இரண்டு ஸ்டூலும்தானே! பெரிய கம்பெனிகள் தங்கள் கணினிகளுக்கு மொத்தமாக ஆக்டிவேஷன், அதாவது ‘உரிமம் சரி’ என்ற உறுதி, கொடுக்க ஒரு ஏற்பாடு உண்டு. அதை ஏமாற்றித்தான் பல கடைகளில் கிராக், அதாவது உரிமப் பூட்டை உடைத்த நகல், போடுகிறார்கள். அந்த ஆக்டிவேஷனுக்கு ஆயுள் 180 நாள். நடுவில் புதுப்பிக்காமல் போனால் எழுத்து வந்துவிடும். உங்கள் ஆறு மாதக் கணக்கு பெரும்பாலும் இதுதான். போட்டோஷாப்பைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். இன்று அது சந்தாவுக்குத்தான் கிடைக்கிறது, ‘லைஃப்டைம்’ என்று ஒன்று விற்பனையிலேயே கிடையாது.

சட்டத்துக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துகிறவரைப் பற்றியது. 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ இல்லையென்றால் சிறை வேண்டாம் என்று நீதிமன்றம் விட்டுவிடலாம், அபராதமும் 50,000-க்குள் நிற்கும். உங்களுடையது கடை, அதனால் அந்தச் சலுகை கிடைக்காது. ‘தெரிந்தே’ என்ற சொல்தான் இதுவரை உங்களைக் காப்பாற்றியது. இந்தக் கேள்வியை எழுதியதோடு அதுவும் போயிற்று!

நகல் போட்டு விற்றவருக்கு 63-ஆம் பிரிவு: 6 மாதம் முதல் 3 ஆண்டு. இது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்தில் உள்ளவர் வாரண்ட் இல்லாமல் நகல்களைப் பறிமுதல் செய்யலாம். இத்தனை இருந்தும் கடைக்காரர் தைரியமாகப் பேசுகிறார் என்றால், நடைமுறையில் உரிமையுள்ள கம்பெனி புகார் கொடுத்தால்தான் போலீஸ் நகரும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கம்பெனியும் முதலில் தேடுவது விற்கிறவர்களையும் நிறையக் கணினி வைத்திருக்கும் அலுவலகங்களையும்தான். மஞ்சக்குப்பம் வரை வருவார்கள் என்று நான் பயமுறுத்த மாட்டேன்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். கிராக் போடும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடுவார்கள், திரும்ப ஆன் செய்கிறார்களா என்பது அவரவர் மனசாட்சி. உங்கள் கடையில் நாள் முழுக்க ஊர்க்காரர்களின் ஆதாரும் பாஸ்புக்கும் ஸ்கேன் ஆகின்றன. யாருக்கும் தெரியாத ஒரு புரோகிராம் பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்க்க வேண்டுமா?

கடையிடம் தாராளமாகக் கேட்கலாம். ஒரிஜினல் என்று சொல்லித் திருட்டு நகலைக் கொடுத்தது முறையற்ற வணிகம். பில்லுக்குப் பதில் ‘எஸ்டிமேட்’ சீட்டு கொடுத்திருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவும் முறையற்றதே. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, மூலையில் எழுத்து வந்த திரையின் போட்டோ, எதையும் அழிக்காதீர்கள். ‘உரிமத்தோடு விண்டோஸ் போட்டுக் கொடுங்கள், அல்லது அதன் விலையைக் கொடுங்கள்’ என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மேலே என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை பாண்டியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம், பஸ் செலவு மிச்சம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஒன்று மட்டும் உண்மையாக யோசித்துக்கொள்ளுங்கள். ‘காசு கம்மியா இருக்கட்டும், கிராக்கே போடுங்க’ என்று நீங்களே சொல்லியிருந்தால் இதெல்லாம் எடுபடாது.

அப்புறம், டைப்பிங் வேலைக்கு லிப்ரே ஆபிஸும் போட்டோ வெட்டி ஒட்ட ஜிம்ப்பும் இலவசம். ஒரு வாரம் கை தடுமாறும், அவ்வளவுதான்.

கேள்வி: தமிழ்நாட்டில் திருட்டு விசிடிக்குக் குண்டர் சட்டமே உண்டாமே, பாண்டியில் கிடையாதா? படம் போடும் வெப்சைட்டுகளை ஏன் ஒழிக்க முடியவில்லை? (முத்தியால்பேட்டை வாசகர்)

பதில்: 1982-ஆம் ஆண்டுக் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களை 2004-இல் சேர்த்தார்கள். அது தமிழ்நாட்டுச் சட்டம், எல்லை தாண்டாது. பதிப்புரிமைச் சட்டமும், தியேட்டரில் செல்போனில் படம் பிடித்தால் குறைந்தது 3 மாதச் சிறை, 3 லட்சம் அபராதம் என்று 2023-இல் திருத்திய சினிமா சட்டமும் மத்திய அரசுடையவை. அவை இரண்டு பக்கமும் செல்லும். வெப்சைட் விஷயத்தில் ஆள் யார் என்றே தெரியாததால், நம் நீதிமன்றங்களில் ‘அசோக் குமார்’ என்று ஒரு பொதுப்பெயரை எதிரியாகப் போட்டுத் தடை வாங்குகிறார்கள். இன்டர்நெட் கம்பெனிகள் அந்த முகவரியை மூடும், வேறு பெயரில் அது திறந்துகொள்ளும். புதுப் பெயர்களையும் அதே உத்தரவில் சேர்த்துக்கொள்ளும் வழியை 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் காட்டியது. அதனால் மூடும் வேகம் கூடியிருக்கிறது, ஆனால் பெயர் மாற்றுகிற அசோக் குமார் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பது இன்னும் தனிக்கேள்வி.