ஏஜென்ட் கையில் வீடு, நாமும் விளம்பரம் போடலாமா? கேள்வி பதில்

வீட்டை விற்க ஏஜென்டிடம் சொல்லிவிட்டு, கூடவே சொந்தமாகவும் விளம்பரம் செய்வது பற்றித்தான் இந்த முறை நிறைய கேள்விகள். சென்னையில் வீடு வாங்கி விற்றுத் தருவதே என் தொழில். ஏஜென்ட் பக்கம் சாயாமல் பதில் சொல்கிறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி: ஏரியா புரோக்கரிடம் சொல்லி மூன்று மாதமாகியும் யாரும் வந்து பார்க்கவில்லை. நானே மேஜிக்பிரிக்ஸ் என்ற வீடு விற்கும் இணையதளத்தில் போட்டால் தப்பா?

தப்பே இல்லை அம்மா. வாய்வார்த்தையாகச் சொன்ன வீட்டை நாலு பேரிடம் சொல்வதும், நாமே ஆள் பிடிப்பதும் இங்கே வழக்கம்தான். ‘இவர் மூலமாக மட்டுமே விற்பேன்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் நிதானியுங்கள். அந்தத் தாளில் எத்தனை மாதம் என்று இருக்கிறது, நீங்களே ஆள் கொண்டுவந்தாலும் கமிஷன் உண்டா, கெடு முடிந்தபின் அவர் காட்டிய ஆள் வாங்கினால் என்ன என்று மூன்றையும் பாருங்கள். எதுவும் எழுதவில்லை என்றாலும், விளம்பரம் போடுமுன் அவருக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள். எப்படியும் அவர் கண்ணில் படத்தான் போகிறது. நீங்கள் மறைத்தது தெரிந்தால், உங்கள் வீட்டுக்கு ஆள் அழைத்து வருவதையே நிறுத்திவிடுவார்.

நங்கநல்லூர் வாசகர்: ஏஜென்ட் 85 லட்சம் என்று போட்டிருக்கிறார். கமிஷன் மிச்சம்தானே என்று நான் 82 என்று போட்டேன். இப்போது வருகிறவர்கள் எல்லோரும் 77, 78 என்கிறார்களே?

சார், அந்த 3 லட்சம் வித்தியாசம்தான் காரணம். வாங்க நினைப்பவர் ராத்திரி சாப்பிட்டுவிட்டு குடும்பத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்க்கிறார். இரண்டு விளம்பரத்திலும் அதே பால்கனி கிரில், அதே சமையல் மேடை. விலை மட்டும் வேறு. ‘ஏதோ அவசரம் போலிருக்கிறது, இல்லையென்றால் பத்திரத்தில் வில்லங்கம்’ என்று அவருக்குத் தோன்றிவிடும். அப்புறம் 82 என்பது உங்கள் விலை இல்லை, பேரத்தின் ஆரம்பம்.

வாங்குகிறவர் கணக்கையும் யோசியுங்கள். விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அவர் பக்கத்து கமிஷன் என்று எல்லாம் கைக்காசு. எங்கே இடம் கிடைத்தாலும் அடித்துப் பேசத்தான் செய்வார்.

இரண்டு விளம்பரத்தையும் எடுத்துவிடுங்கள். ஏஜென்டோடு உட்கார்ந்து ஒரே விலையை முடிவு செய்து, புதுப் படங்களோடு மறுபடி போடுங்கள். கமிஷன் மிச்சமானால் அதைக் கடைசிப் பேச்சில் குறைத்துக் கொடுக்கலாம், விளம்பரத்தில் வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘எனக்கு 80 வந்தால் போதும், மேலே வைத்து விற்பது உன் சாமர்த்தியம்’ என்று ஏஜென்டிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டின் விலை உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

அண்ணா நகர்: ‘புரோக்கர்கள் வேண்டாம்’ என்று போட்டும் வருகிற போன் எல்லாம் புரோக்கர்தான்.

வரத்தான் செய்யும். விளம்பரத்துக்கென்று தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆள் இருந்தால் அழைத்து வாருங்கள், கமிஷன் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று ஒரே பதில் போதும்.

வேளச்சேரி வாசகர்: விளம்பரத்தில் என்னென்ன எழுத வேண்டும்? வெள்ளம் பற்றிச் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எங்கே வந்தது, 2023 மிக்ஜாம் மழையில் எங்கே நின்றது என்பதுதான் உங்கள் ஏரியாவில் முதல் கேள்வி. தெருவில் முழங்கால் அளவு நின்றது, வீட்டுக்குள் வரவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். மறைத்தாலும் கீழே இஸ்திரி போடுகிறவர் சொல்லிவிடுவார். நீங்களே சொன்னால், மற்றதையும் நம்புவார்கள்.

‘விசாலமான, காற்றோட்டமான’ என்று நிரப்பாதீர்கள். யுடிஎஸ், அதாவது அடுக்குமாடி நிலத்தில் உங்கள் வீட்டுக்குச் சேரும் பங்கு, எத்தனை சதுர அடி, கட்டடத்தின் வயது, எந்த மாடி, லிஃப்ட் உண்டா, கார் பார்க்கிங் மூடியதா திறந்ததா, வாசல் எந்தத் திசை, மெட்ரோ வாட்டர் வருகிறதா போர்வெல் மட்டுமா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறீர்களா, லோன் பாக்கி இருக்கிறதா என்று எழுதுங்கள். பழைய கட்டடம் என்றால் யுடிஎஸ்தான் விலையைத் தூக்கும். அதை முதல் வரியிலேயே போடுங்கள். ஏஜென்ட் போடும் விளம்பரத்திலும் இதே விவரம் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

போரூர்: என் விளம்பரம் பார்த்து வந்தவர், ஏற்கெனவே ஏஜென்டோடு வந்து பார்த்தவராம். கமிஷன் தரவேண்டுமா?

கொடுங்கள் சார். முதலில் வாசல் வரை அழைத்து வந்தவருக்குச் சேர வேண்டியது அது. இருபக்கமும் ஆளுக்கு ஒரு சதவீதம் என்பது பரவலான வழக்கம், சிலர் இரண்டு கேட்பார்கள். எதுவானாலும் முன்பே பேசியிருக்க வேண்டும். இனிமேல் யார் வந்து பார்த்தாலும் தேதி, பெயர், யார் மூலம் வந்தார் என்று அன்றைக்கே ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். அவரையும் அப்படியே போடச் சொல்லுங்கள். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மெசேஜ் இல்லாததால் வந்தவை.

தி. நகரிலிருந்து ஒரு அம்மா: வீடு அமெரிக்காவில் இருக்கும் என் பையன் பெயரில். ஏஜென்ட் ஒரிஜினல் பத்திரமும் சாவியும் கேட்கிறார்.

சாவி கொடுக்கலாம், ஒரிஜினல் கூடவே கூடாது அம்மா. ஜெராக்ஸ், அதுவும் நேரில் பார்த்துப் பிடித்துப்போனவருக்கு மட்டும். பத்திரத்தைப் படமெடுத்து விளம்பரத்தில் போட்டுவிடாதீர்கள். விற்கும் பவரை, அதாவது பையன் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரத்தை, ஏஜென்ட் பெயருக்கு எழுதித் தரவே வேண்டாம். பையன் வெளிநாட்டுவாசி என்பதால் வாங்குகிறவர் பிடிக்கும் வரி, இங்கே இருப்பவர் 50 லட்சமோ அதற்கு மேலோ விற்கும்போது பிடிக்கும் 1 சதவீதம் இல்லை, அதைவிட அதிகம். விலை பேசுமுன் ஆடிட்டரைப் பாருங்கள்.

பெரம்பூர்: விளம்பரச் செலவு, கமிஷன் எல்லாம் வரிக் கணக்கில் வருமா?

விற்பதற்காகவே செய்த செலவென்றால், மூலதன ஆதாயம், அதாவது வீடு விற்ற லாபம், கணக்கிடும்போது கழிக்கலாம். ரசீது வாங்கி வையுங்கள், கமிஷனை வங்கி வழியாகக் கொடுங்கள். அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், அபராதம் வரும்.

குரோம்பேட்டை: கேட்டில் போர்டு மாட்டினால் யார் நம்பரைப் போடுவது?

பகலில் யார் உடனே போன் எடுப்பாரோ அவர் நம்பர். நீங்கள் ஆபீஸில் எடுக்க முடியாதென்றால் ஏஜென்ட் நம்பரே இருக்கட்டும், ஆனால் ஒரே ஒரு நம்பர். மாட்டுமுன் அசோசியேஷன் செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.